நியூக்ளியோலஸைச் சுற்றிக் கோடு உண்டா? வெங்காய வேரில் பார்த்த கதை

என் தம்பி மகள் செல்லின் படம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். உட்கருவுக்குள் ஒரு சின்ன வட்டம். அதைச் சுற்றிப் பேனாவால் அழுத்தமாக ஒரு கோடு. உள்ளே முழுக்கக் கறுப்பு. நியூக்ளியோலஸுக்குச் சவ்வு கிடையாதே, இந்தக் கோடு எதற்கு என்று கேட்டேன். "கோடு இல்லாவிட்டால் அது எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும், பெரியப்பா?" என்று திருப்பிக் கேட்டாள்.

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் உற்பத்தியாகும் இடம், சவ்வு இல்லை, செல் பிரியும்போது மறைந்துவிடும் என்று படித்ததையெல்லாம் சொல்ல முடிந்தது. ஆனால் நானே கண்ணால் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு மாணவர் நுண்ணோக்கி இருக்கிறது. 10, 40, எண்ணெயிட்டுப் பார்க்கும் 100 என மூன்று பொருளருகு லென்ஸ்கள். பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன். ஒரு மாலையில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது.

முதலில் சாயமே இல்லாமல் தொடங்கினோம். வெங்காயச் செதிலின் உட்குழிந்த பக்கத்தில் இடுக்கியால் மெல்லக் கீறி இழுத்தால், கண்ணாடித்தாள் போன்ற ஒற்றை அடுக்குத் தோல் உரிந்து வரும். ஒரு சொட்டு நீரில் மடிப்பு விழாமல் விரித்து, மூடுவில்லையைச் சாய்த்து இறக்கினேன். வெளிச்சத்தை முழுதாகத் திறந்து வைத்துப் பார்த்தால் செல் சுவர்கள் மட்டும்தான் தெரிகின்றன. உட்கரு இருக்கிற இடம்கூடத் தெரியவில்லை. மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் குவிப்பானின் ஐரிஸை, அதாவது ஒளி வரும் துளையை, பாதிக்கும் கீழே மூடியதும் காட்சி மாறியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் தட்டையான ஒரு வட்டு. 40 மடங்கு லென்ஸுக்கு மாறி நுண் திருகை மிக மெதுவாகச் சுழற்றியபோது, அந்த வட்டுக்குள் இரண்டு மணிகள் எழுந்தன. குவியத்தைச் சற்றே மேலே கொண்டுபோனால் மணி பளிச்சென்று ஒளிர்கிறது. கீழே இறக்கினால் கருத்துவிடுகிறது. சுற்றியுள்ள பொருளைவிட அடர்த்தியான, ஒளியை அதிகமாக முறிக்கிற ஒன்று அங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த அடர்த்தியால்தான் நியூக்ளியோலஸ் இவ்வளவு முன்னதாகவே மனிதர் கண்ணில் பட்டது. 1781-இல் ஃபெலிச்சே ஃபொன்டானா விலாங்கு மீன் தோலின் கோழையில் கண்ட செல்லை வரைந்தபோது, உருண்டைக்குள் ஒரு புள்ளியையும் சேர்த்தே வரைந்தார். ராபர்ட் பிரவுன் உட்கருவுக்கு 'நியூக்ளியஸ்' என்ற பெயரை முன்வைத்தது அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1831-இல். 1830-களில் ருடால்ஃப் வாக்னர் முட்டைச் செல்லுக்குள் இதே புள்ளியை விவரித்தார். காப்ரியேல் வாலன்டின் அதற்கு நியூக்ளியோலஸ் என்று பெயர் வைத்தார். இன்று நாம் நம்பியிருக்கும் சாயங்கள் எவையும் அவர்கள் கையில் இல்லை. ஐரிஸை மூடிய அந்தச் சில நொடிகளில் அவர்கள் கண்டதை நாங்களும் கண்டோம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அதைச் சொன்னேன். அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டதும் உட்கரு மஞ்சள் பழுப்பாகியது. மணிகள் அதைவிட ஒரு படி அழுத்தமாக நின்றன. ஆனால் செதில் தோல் வளர்ச்சி முடிந்த திசு. நியூக்ளியோலஸ் முழு வேகத்தில் இயங்குவதைப் பார்க்க வேண்டுமானால், செல்கள் பிரிந்து பெருகும் இடத்துக்குப் போக வேண்டும்.

அதற்காக வெங்காயத்தின் அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி ஒரு குவளையின் வாயில் உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளை வேர்கள் ஒரு விரல் அகலத்துக்கு நீண்டிருந்தன. நுனிகளை வெட்டி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு இரவு போட்டேன். இது செல்களை அந்த நொடியில் இருந்தபடியே நிறுத்திவிடும். மறுநாள், குரோமோசோம் பார்க்க எல்லோரும் செய்கிற முறைப்படி, 60 டிகிரி செல்சியஸில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எட்டு நிமிடம். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை இந்தச் சூட்டில் கரையும். பிறகு நுனியை நசுக்கினால் செல்கள் தனித்தனியாகப் பரவும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்தேன். அவளை மேசையிலிருந்து தள்ளி உட்கார வைத்தேன்.

அசிட்டோகார்மைனில் சாயமேற்றி நசுக்கிய முதல் ஸ்லைடு கண்ணைப் பறித்தது. பிரியும் செல்களில் குரோமோசோம்கள் சிவப்பு நூல்களாகத் தெரிந்தன. ஆனால் பிரியாமல் இருந்த உட்கருக்களில் நியூக்ளியோலஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிறிய வட்டம்தான் இருந்தது. "பெரியப்பா, இது ஓட்டையாக இருக்கிறதே" என்றாள்.

ஓட்டை இல்லை, சாயம் பிடிக்காத இடம். கார்மைன் குரோமாட்டினை, அதாவது டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த குரோமோசோம் பொருளை, தேடிப் போய் ஒட்டுகிறது. நியூக்ளியோலஸின் பெரும்பகுதி புரதம், அடுத்து ஆர்.என்.ஏ.; டி.என்.ஏ. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச டி.என்.ஏ.தான் அங்கே நடக்கும் எல்லாவற்றுக்கும் விதை என்பது வேறு விஷயம். ஆக, எனக்கு ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் சாயம் வேண்டும். 0.05 சதவீத டொலுய்டின் நீலக் கரைசல் தயாரித்து, மிச்சமிருந்த நுனிகளை நசுக்கிச் சாயமேற்றினேன்.

மறுபடியும் அதே வெளிறிய வட்டம். குரோமாட்டின் நீலமாகிறது, நடுவில் மணி நிறமின்றி நிற்கிறது. சாயம் பழையது என்று புதிதாகக் கரைத்தேன். நேரம் போதவில்லை என்று ஒரு நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கினேன். முழு ஸ்லைடும் நீலக் குழம்பானதுதான் மிச்சம். இரண்டு மாலைகள் இப்படிப் போயின. மூன்றாம் நாள், ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று செதில் தோலை ஆல்கஹாலில் நிலைநிறுத்தி, அதே கரைசலில் ஒரு நிமிடம் வைத்து நீரில் அலசினேன். உட்கரு இளநீலமாக இருந்தது. அதனுள் மணிகள் கருநீல ஊதாவில் அழுத்தமாக நின்றன. அப்படியானால் சாயத்தில் குற்றமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே பெரிய வித்தியாசம் அந்த எட்டு நிமிடச் சூடான அமிலம்.

அமிலம் பசையை மட்டும் கரைக்கவில்லை. அந்தச் சூட்டில் அது ஆர்.என்.ஏ.வையும் உடைத்து வெளியேற்றிவிடுகிறது. டி.என்.ஏ.வின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. அதனால்தான் குரோமோசோம் பார்ப்பவர்களுக்கு இந்த முறை இவ்வளவு பிடித்தமானது. நான் தேடிய பொருளை நானே கழுவி ஊற்றிவிட்டு, பிறகு சாயத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தவறைப் பற்றி எனக்கு இப்போது வருத்தம் இல்லை. இந்த மூன்று வாரத்தில் கிடைத்த மிக உறுதியான சான்று இதுதான். 1940-ஐ ஒட்டி ஷான் பிராஷே, ஆர்.என்.ஏ.வை மட்டும் செரிக்கும் ரைபோநியூக்ளியேஸ் என்சைமைக் கொண்டு இதே தர்க்கத்தைத்தான் கையாண்டார். என்சைம் இட்ட திசுவில் நியூக்ளியோலஸின் சாயம் போய்விடுகிறது, இடாத திசுவில் இருக்கிறது. ஆகவே சாயம் பிடித்திருந்தது ஆர்.என்.ஏ.வை. என் அமிலம் அந்த என்சைமைப் போலக் குறிபார்த்து வெட்டுவதில்லை. ஆனாலும் ஒரே வெங்காயத்தின் வேர்களில் ஒன்றைச் சூடான அமிலத்தில் போட்டு, ஒன்றைப் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நியூக்ளியோலஸ் எதனால் நிறைந்திருக்கிறது என்பது வாய்விட்டுச் சொன்னது போல விளங்குகிறது. செய்து பார்ப்பவர்கள் இந்த இரண்டு ஸ்லைடுகளையும் கட்டாயம் சேர்த்தே செய்யுங்கள்.

அமிலம் இல்லையென்றால் வேர் நுனி நசுங்காது என்பது அடுத்த தொல்லை. சூடுபடுத்தாத 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கால் மணி நேரம் ஊறவைத்து, நுனியின் கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்தேன். துண்டு சிறிதாக இருப்பதுதான் முக்கியம். மூடுவில்லையின் மேல் உறிஞ்சுதாளை மடித்து வைத்து, கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு கிழிந்துவிடும். பிறகு ஸ்லைடை ஆல்கஹாலில் ஊறவைத்து மூடுவில்லையைக் கழற்றி, காற்றில் உலர்த்தி, டொலுய்டின் நீலம் ஒரு நிமிடம். ஆறு ஸ்லைடில் இரண்டு தேறின. அந்த இரண்டு போதுமானவையாக இருந்தன.

எண்ணெய் லென்ஸில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். வேர் நுனியில் பிரிந்து பெருகும் ஆக்குத்திசுச் செல் ஏறக்குறையச் சதுரம். அதில் பாதிக்கு மேல் உட்கரு. உட்கருவுக்குள் ஒன்றோ இரண்டோ கருநீல ஊதா உருண்டைகள்; சில உட்கருக்களில் மூன்று, அரிதாக நான்கு. நான்கைத் தாண்டி ஒன்றுகூட அகப்படவில்லை. சில பெரிய உருண்டைகளின் நடுவில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. தாவர நியூக்ளியோலஸ்களில் அடிக்கடி காணப்படும் குழிவு அது. உருண்டையின் விளிம்பை எவ்வளவு கூர்மையாகக் குவித்தாலும் அங்கே கோடு இல்லை. நிறம் அடர்ந்திருக்கிறது, பிறகு அடராமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது உட்கருவுக்கு வெளியே இருந்த நிறம். சைட்டோபிளாசமும் அதே ஊதா சாயலில் இருந்தது. நியூக்ளியோலஸில் பாதி செய்யப்பட்ட ரைபோசோம் துண்டுகள் உட்கருச் சவ்வின் துளைகள் வழியே வெளியே போய், அங்கே முழுமையடைந்து, புரதம் தயாரிக்கும் வேலையில் இறங்குகின்றன. அவற்றிலும் அதே ஆர்.என்.ஏ. பட்டறையின் நிறமும் பட்டறையிலிருந்து வெளியே போன சரக்கின் நிறமும் ஒன்றாகத்தானே இருக்கும். இதே ஸ்லைடில் வேரின் நீண்ட, வளர்ந்து முடிந்த செல் ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் நியூக்ளியோலஸ் சிறுத்து, சைட்டோபிளாசமும் வெளிறியிருந்தது. பெருகும் செல்லுக்குத்தான் ரைபோசோம் தேவை அதிகம். தேவைக்கேற்ப மணி பருக்கிறது, சுருங்குகிறது. எங்கள் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் வழித்தெடுத்த செல்களையும் ஒரு நாள் பார்த்தோம். உதிரத் தயாராக இருக்கும் அந்தச் செல்களில் நியூக்ளியோலஸ் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. புற்றுநோய்த் திசுவைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர்கள் பெரிதாக வீங்கிய நியூக்ளியோலஸைக் கண்டால் உஷாராவதும் இதே காரணத்தால்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை என் நுண்ணோக்கியால் காட்ட முடியாது. ஏறக்குறையக் கால் மைக்ரோமீட்டருக்கும் குறைவான விவரம் இந்த லென்ஸ்களில் கலங்கிப்போகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது இது: மனித செல் போன்றவற்றின் நியூக்ளியோலஸில் மூன்று அடுக்குகள். நடுவே வெளிறிய இழை மையங்கள். அவற்றைப் போர்த்தியபடி அடர்ந்த இழைப் பகுதி. வெளியே பெரும்பரப்பாகத் துகள் பகுதி. மையத்துக்கும் அடர்ந்த இழைப் பகுதிக்கும் நடுவிலுள்ள எல்லையில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 1 என்ற என்சைம் ரைபோசோம் மரபணுக்களை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. மனித செல்லில் அந்தப் படி 47 எஸ் எனப்படும் ஒரே நீளச் சரடு (எஸ் என்பது மையவிலக்கியில் படியும் வேகத்தின் அளவு). அது வெளிநோக்கி நகர நகர வெட்டப்பட்டும் திருத்தப்பட்டும் 18 எஸ், 5.8 எஸ், 28 எஸ் என மூன்று துண்டுகளாகிறது. சைட்டோபிளாசத்தில் செய்யப்பட்டு உள்ளே வந்த புரதங்கள் வழியிலேயே அவற்றின்மேல் ஏறிக்கொள்கின்றன. 5 எஸ் என்ற நான்காவது துண்டு மட்டும் நியூக்ளியோலஸுக்கு வெளியே, பாலிமரேஸ் 3-ஆல் படியெடுக்கப்பட்டு வந்து சேர்கிறது. வேகத்தைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும்: நன்றாக வளரும் ஈஸ்ட் செல் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 2000 ரைபோசோம்களைச் செய்கிறது.

இந்த மரபணுக்கள் குரோமோசோம்களின் சில இடங்களில் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன; மொத்தத்தில் நூற்றுக்கணக்கில். மனிதரில் அத்தகைய வரிசை 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களின் குட்டைக் கரங்களில் இருக்கிறது. 1934-இல் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தின் ஆறாவது குரோமோசோமில் இந்த இடத்தை அடையாளம் காட்டினார். அந்த இடம் இரண்டாக முறிந்து வேறு வேறு குரோமோசோம்களில் ஒட்டிக்கொண்ட செடிகளில், இரண்டு துண்டுகளும் தனித்தனியே நியூக்ளியோலஸை உண்டாக்கின. வெங்காய உட்கருவில் நான் எண்ணிய ஒன்று முதல் நான்கு வரையிலான மணிகளும் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து முளைத்தவையே. முளைத்தபின் ஒன்றையொன்று தொட்டால் சேர்ந்துவிடும். அதனால்தான் எண்ணிக்கை செல்லுக்குச் செல் மாறுகிறது.

சேர்வது என்றால் எண்ணெய்த் துளிகள் சேர்வது போல. 2011-இல் கிளிஃபர்ட் பிராங்வின், டிமோத்தி மிச்சிசன், ஆந்தனி ஹைமன் ஆகியோர் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் நியூக்ளியோலஸ்கள் திரவத் துளிகளைப் போல நடந்துகொள்வதைக் காட்டினார்கள். அந்த முட்டைச் செல் ரைபோசோம் மரபணுக்களைத் தனியே பெருக்கிக்கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியூக்ளியோலஸ்களை வைத்திருக்கிறது. தம்பி மகளின் கேள்விக்கு இங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. நீரில் விட்ட எண்ணெய்த் துளிக்கும் தோல் கிடையாது. ஆனால் அது எங்கே முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

கடைசி வாரம் வெள்ளி நைட்ரேட் முறையைச் செய்து பார்த்தேன். ஒரு சதவீத ஃபார்மிக் அமிலம் சேர்த்த இரண்டு சதவீத ஜெலட்டின் கரைசல் ஒரு பங்கு, 50 சதவீத வெள்ளி நைட்ரேட் இரண்டு பங்கு. ஸ்லைடின் மேல் கலந்து, மூடுவில்லை இட்டு, 70 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கலவை பொன்னிறமாக வேண்டும். எனக்கு அது விட்டவுடனே பால்போல வெளுத்து, பிறகு கருத்த தூசியாகப் படிந்தது. காரணம் குழாய் நீர். ஸ்லைடை அதில் அலசியிருந்தேன். அதிலிருந்த குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகிவிட்டது. எல்லாவற்றையும் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசி, புது ஸ்லைடில் மீண்டும் செய்தேன். இந்த முறை பொன்னிறம் வந்தது. உட்கருக்கள் வைக்கோல் மஞ்சள். அவற்றுள் நியூக்ளியோலஸ்கள் கரும்பழுப்பு. வெள்ளி பிடிப்பது ஆர்.என்.ஏ.வை அல்ல, நியூக்ளியோலஸின் சில குறிப்பிட்ட புரதங்களை. தோலில் பட்டால் கறை பல நாள் போகாது, கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் கைக்கு இது வேண்டவே வேண்டாம்.

அந்த ஸ்லைடில்தான் நான் மிகவும் பார்க்க விரும்பியது கிடைத்தது. செல் பிரியத் தொடங்கும் புரோஃபேஸின் முடிவில் நியூக்ளியோலஸ் கரைந்துபோகிறது, படியெடுப்பு நின்றுவிடுகிறது. குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும் செல்களில் உருண்டை என்று எதுவும் இல்லை. நிறைய நேரம் தேடியபின், பிரிந்து முடியும் தறுவாயில், டீலோஃபேஸில், ஒரு ஜோடி கிடைத்தது. நடுவில் புதுச் சுவர் மெல்லியதாக விழுந்திருக்கிறது. இருபுறமும் குரோமோசோம்கள் இன்னும் தளர்ந்து விரியாத இரண்டு குட்டி உட்கருக்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளிகள், மணல் துகள் போல. கொஞ்ச நேரம் முன்பு இல்லாதவை. படியெடுப்பு மீண்டும் தொடங்கிய இடங்களில் திரளத் தொடங்கியவை.

1958-இல், நியூக்ளியோலஸே உருவாக முடியாத தவளைக் கருக்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 1964-இல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் அந்தக் கருக்கள் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வையே செய்வதில்லை என்று காட்டினார்கள். தாய் முட்டையில் வைத்துவிட்டுப் போன ரைபோசோம்களைக் கொண்டு அவை தலைப்பிரட்டையாகி நீந்தும் வரைகூட வந்தன. கையிருப்பு தீர்ந்ததும் இறந்தன. இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நுண்ணோக்கிக்குத் திரும்பி, அந்த ஜோடிப் புள்ளிகளை மறுபடியும் தேடினாள்.

அன்று இரவு அவள் அதை வரைந்தாள். பேனாவை எடுக்கவில்லை. பென்சிலால் நான்கு புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரல் நுனியால் தேய்த்துவிட்டாள்.